குளிப்பாட்டுகிற கை

அத்தை செத்தவர்களோடு பேசுவாள்.

"தலையக் கொஞ்சம் சாய்ச்சிக்க கண்ணு, சீக்காத்தூள் கண்ணுல எறங்கிடப்போவுது. கைய எங்கிட்ட வுடு. அவ்ளோதான், முடிஞ்சிது." இப்படியே பேசிக்கொண்டு போவாள். நாலு பெண்கள் சுற்றி நின்று புடவையை மறைப்பாகப் பிடித்திருப்பார்கள். பிடித்திருக்கிறார்கள் என்றுதான் பேர், முகம் நாலும் நாலு பக்கம் திரும்பியிருக்கும். அத்தை மட்டும் குனிந்தபடி, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிற மகளைக் கிளப்புவதுபோலக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார்ப்பாள். சூடு போதவில்லை என்றால் இன்னொரு பாத்திரம் காயவைக்கச் சொல்வாள்.

"செத்தவளுக்கு என்னா வெந்நி?" என்று ஒரு வீட்டில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அவளுக்குத் தெரியலன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

அத்தை என்றால் உறவு கிடையாது. கடலூர் முதுநகரில் எங்களுக்கு அடுத்த வீடு. நாங்கள் கிறிஸ்தவர்கள். அவளுடையது சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம். புருஷன் எந்த ஊரில், யாரோடு இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவளும் தேடிக்கொண்டு அலையவில்லை. ஒரே மகன், குமார். வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுத்தான் அவனைப் படிக்கவைத்தாள். காலையில் தெருவே தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுத் தூக்குவாளியும் அந்த வரிசையில் இருக்கும்.

சுனாமி வந்த அன்றைக்கு ஊரே மேட்டைப் பார்த்து ஓடியது. மறுநாள் பள்ளிக்கூடத்து வராண்டாவில் பிரேதங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அடையாளம் பார்க்க வருகிறவர்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், கேமராவோடு வருகிறவர்கள் என்று ஒரே கூட்டம். அலை துணியை விட்டுவைக்கவில்லை. அத்தை எதற்காக அங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தாள், பீரோவைத் திறந்தாள், இருந்த புடவைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு திரும்பிப் போனாள். ஒவ்வொரு பெண்ணாக முகத்து மணலைத் துடைத்து, புடவையைச் சுற்றிவிட்டாள். நடுவில் எழுந்து, "ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்ட போங்க, அவுங்களுக்கு வெக்கமா இருக்காது?" என்று சத்தம் போட்டாளாம். போலீஸ்காரர்கூட நகர்ந்து போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் எந்தப் பெண் செத்தாலும், தீயில் வெந்தவளோ, தண்ணீரில் ஊறியவளோ, மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கிற மாமியாரோ, அத்தையைக் கூப்பிட ஆள் வந்துவிடும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் வீட்டுக்காரர்கள்கூட ஒருமுறை ஆட்டோ அனுப்பினார்கள். அவர்களுக்கு அதற்கென்று முறை இருக்கிறது, பழகிய பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஒத்தாசைக்குக் கை போதவில்லை. அவர்கள் சொன்ன முறைப்படியே எல்லாம் செய்துவிட்டு வந்தாள். பைசா வாங்கமாட்டாள். செத்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாவாட்ட உட்கார்ந்துவிடுவாள்.

அங்கேதான் வந்தது வினை. பொங்கலுக்குள் தூக்குவாளி வரிசை பாதியானது. கோடைக்குள் வரிசையே இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அரிசி ஊறப்போட்டுட்டோம்", "வூட்டுல கிரைண்டர் வாங்கிட்டோம்" என்று ஆளுக்கொரு காரணம். கிரைண்டரே இல்லாத வீட்டுக்காரிகூட கிரைண்டர் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அத்தை கிரைண்டரைத் துணிபோட்டு மூடினாள், தையல் மிஷின் வாங்கினாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் புடவை வந்தது. முகூர்த்தப் புடவை மட்டும் ஒருநாளும் வரவில்லை.

இதே சமயத்தில்தான் எங்கள் மாதா கோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். "பிறரன்பு பிறரன்புன்னு பேசுறோமே, அது எப்படி இருக்கும்னு தெரியணும்னா ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் பாருங்க. நம்ம மதம் இல்ல அந்தத் தாய்" என்றார். நல்ல மனிதர்தான், குரல் தழுதழுத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அந்தப் பாதியில் முக்கால்வாசி அவளிடம் மாவு வாங்குவதை நிறுத்தியவர்கள். பூசை முடிந்ததும் இரண்டு தெரு தள்ளி யாரும் போகவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். என் அம்மாவும் வாங்கினாள்.

அம்மாவைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் பெரியம்மா புற்றுநோயில் உருக்குலைந்து செத்தபோது, கூடப் பிறந்த என் அம்மாவால் பக்கத்தில் போகமுடியவில்லை. அத்தைதான் வந்து குளிப்பாட்டி, தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, "அக்கா எவ்ளோ லட்சணமா இருக்காங்க, வந்து பாருங்க" என்று அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வருஷமே என் அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கக் கிளம்பிய அம்மா அத்தை வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிக்கலாம்டி. தாலி கட்டுற நேரத்துக்கு எதுக்கு? அவுங்களே புரிஞ்சிப்பாங்க."

நமக்கெல்லாம் எவ்வளவு வசதி பாருங்கள், அவர்களே புரிந்துகொள்வார்கள். நான் அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை போட்டேன். "பைபிளத் தலமாட்டுல வெச்சிக்கினு தூங்குறியே, எதுக்கு?" என்று கேட்டேன். அத்தையோ மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் என் அக்காவை வாசலில் பார்த்து, தூர நின்றே கையெடுத்து நெற்றியில் வைத்து வாழ்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் புரிந்துகொள்வதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கும். "நீ ஏன் அத்தே வாயத் தொறக்க மாட்டேன்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயப்படுறாங்க பாப்பா. பயப்படுறவங்ககிட்ட போயி என்னா சண்ட?"

பெரிய மனிதர்கள் எல்லாம் சேர்ந்து ஊரில் ஒரு மத நல்லிணக்க விழா எடுத்தார்கள். மூன்று மதத்துப் பெரியவர்களும் மேடையில் இருந்தார்கள். அன்பைப் பற்றி ஒருவர், கருணையைப் பற்றி ஒருவர், இரக்கத்தைப் பற்றி ஒருவர் என்று பிரித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். அப்புறம் அத்தையைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தவேண்டிய பிரமுகர் அதை விரித்துப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார். போர்த்துகிற நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரு தொண்டர் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். சாப்பாடு பந்தியில். அத்தைக்கு மட்டும், "நீங்க சீக்கிரம் போவணும்ல" என்று பார்சல் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு எங்கேயும் சீக்கிரம் போகவேண்டியிருக்கவில்லை. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது.

அந்தப் போட்டோதான் அவளைக் கவிழ்த்தது. கவிழ்த்தவன் அவள் மகன், அதுவும் பெருமையினால்.

குமார் சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு பாத்திரக் கடைக்காரர் பெண்ணைப் பார்த்து, பெரியவர்கள் பேசி, கல்யாணம் ஆகி, மாமியார் வீட்டோடேயே தங்கிவிட்டான். சம்பந்தி வீட்டாருக்கு அத்தை ஃபால்ஸ் அடிப்பவள் என்று மட்டும்தான் தெரியும். தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. சம்பந்தியம்மாளைப் போல பக்தியான ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. காலையில் எறும்புக்கு நொய் போடுவாள். பசுவுக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பாள். கொசுவத்தி ஏற்றமாட்டாள், கொசுவும் ஒரு உயிர்தானே. வாயைத் திறந்தால் ஜீவகாருண்யம்தான். இப்படிப்பட்ட வீட்டில் அம்மாவின் பெருமை தெரியட்டும் என்று நினைத்த குமார், பேப்பர் போட்டோவைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, மாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "எதுக்கு மாப்ள பொன்னாடை?" என்று கேட்டாள் அந்த அம்மாள். அவனும் ஒன்று விடாமல் சொன்னான்.

மருமகள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு அத்தை வளையல், பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தூக்கு இருந்தது, அதில் புளிசாதம், தயிர்சாதம். என்ன நடந்தது என்று அவளாகத்தான் சொன்னாள். சம்பந்தியம்மாள் கேட்டுக்கு வெளியிலேயே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, நீங்க செய்யறது எவ்ளோ பெரிய புண்ணியம், நான் தெனமும் சாமிகிட்ட ஒங்களுக்காக வேண்டிக்கிறேன். மாசமா இருக்கிற பொண்ணு பாருங்க, அதான்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாளாம்.

"கோவமாவா சொன்னா? ரொம்ப பதவிசாத்தான் சொன்னா" என்றாள் அத்தை.

பேரன் பிறந்தான். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்தாள். வசம்பு சுட்டு வைத்தாள். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் அத்தைக்கு இணை அந்தத் தெருவில் இல்லை, நான் உள்பட நாங்கள் பலர் அவள் காலில் கிடந்து வளர்ந்தவர்கள்தான். "மூக்கப் புடிச்சி வுடணும், தலைய உருட்டணும், இப்பத்திப் பொண்ணுங்களுக்கு என்னா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் தீட்டுக் கழியட்டும் என்றார்கள். கழிந்ததும், தலை நிற்கட்டும் என்றார்கள். தலை நின்றதும், மொட்டை போடட்டும் என்றார்கள். இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப்போய், குழந்தை தூங்குகிறது என்று சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் அதற்குமுன் யாரிடமும் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் வெட்கமில்லாமல் கேட்டாள். மகனிடம் போனில், "ஒரே ஒரு தபா மடியில போட்டுக் காட்டுடா" என்று கெஞ்சுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

அப்புறம் சம்பந்தியம்மாளுக்கு சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, விரலை எடுத்து, படுக்கையில் விழுந்தாள். முதுகெல்லாம் படுக்கைப்புண். ஒரு காலையில் போய்விட்டாள். குமாரிடமிருந்து போன் வந்தது. "அம்மா, இங்க யாராலயும் கிட்டப் போவ முடியல. நீ வந்துடும்மா."

"புள்ள எங்கடா?" என்றாள் அத்தை.

"எதுர்வூட்டு மாடியில வெச்சிருக்கோம்மா. நீ வந்துட்டுப் போறவரைக்கும்."

எனக்கு அன்றைக்கு ஸ்கூல் லீவு. துணைக்குப் போனேன். வழக்கமாகச் சாவுக்குப் போகும்போது கட்டியிருந்த புடவையோடு கிளம்புகிறவள், அன்றைக்குத் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, விபூதி பூசிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் சொன்னாள்: "மொதல்ல புள்ளையக் கேக்கப் போறேன் பாப்பா. பொணத்தத் தொட்ட பின்னாடி கேட்டா தீட்டும்பாங்க. தொடறதுக்கு மின்னாடி என்னா தீட்டு? அவுங்க சட்டப்படியே கேக்குறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சாவுக்குப் போகிறபோது சந்தோஷப்படலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை பந்தலுக்குள் கால் வைக்காமல் தெருவிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சம்பந்தி, குளிச்சிட்டு சுத்தமா வந்திருக்கேன். இன்னும் எதையும் தொடல. புள்ளையக் கொண்டாந்து ஒரு நிமிஷம் எங்கையில குடுங்க. இங்க தெருவுலயே குடுங்க. அப்புறம் நான் உள்ள போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழவு வூட்டு வாசல்ல நின்னு பேரம் பேசுறீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா? கொஞ்சம்கூட ஈவு எரக்கம் வேணாம்?"

அவளைப் பார்த்து அந்தக் கேள்வி. உள்ளேயிருந்து மருமகள் அழுதுகொண்டே வந்தாள். "அத்தே, எங்கம்மா அப்புடிக் கெடக்குறாங்க, அதப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா நீ குடுக்க மாட்ட கண்ணு" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "ஒனக்கு அம்மா. எனக்கு அவன் பேரன். நான் இங்கியே நிக்கறேன்."

குமாரைப் பார்த்தாள். அவன் செருப்பு நுனியைப் பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அத்தை மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வெயில் ஏறியது. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்றார்கள். இருந்த பெண்களில் ஒருத்திகூட, நான் செய்கிறேன் என்று சொல்லவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து காட்டினால்தான் என்ன என்று கேட்கவும் ஒருத்தி இல்லை. கடைசியில் சம்பந்தி எழுந்தார். பாடை கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். "நீங்களே உள்ள போயி ரெண்டு குடம் ஊத்தி, துணியச் சுத்திடுங்கப்பா. யாருக்காவும் காத்துக்கினு இருக்க முடியாது" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அவர்கள் உள்ளே போனார்கள். வாளி தரையில் உராய்கிற சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். "காலப் புடிடா. அந்தப் பக்கம் பெரட்டு" என்று ஒருவன் குரல்.

அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "அத்தே, போவாத. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா குடுத்துடுவாங்க" என்றேன். அது உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இன்னொரு குடம் தண்ணீர் விழுந்தது. அவள் என் கையை உதறிவிட்டு நடந்தாள். பந்தலைத் தாண்டி, சம்பந்தியைத் தாண்டி உள்ளே போனாள். "ஆம்பளைங்க வெளிய போங்க" என்று அவள் சொல்வது கேட்டது. அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவன் பீடி பற்றவைத்தான். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நான் கிட்டத்தில் நின்றேன்.

"நான் சொல்லல? தண்ணி சத்தம் கேட்டா அந்தம்மா தானா வந்துடும்னு. மனசு தாங்காது அதுக்கு."

உள்ளே அத்தை பேச ஆரம்பித்திருந்தாள். "சம்பந்தி, நான்தான் வந்திருக்கேன். இப்புடித் திரும்புங்க. புண்ணுல படாம ஊத்துறேன், பயப்படாதீங்க."

சாயங்காலம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். ஈரப் புடவையை அவள் மாற்றவில்லை. மாற்ற அந்த வீட்டில் ஒரு இடம் காட்டுவாரில்லை. சம்பந்தி பந்தலில் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஒரு தடவையாவது வரட்டும் என்றுதான் சொன்னேன்.

"தெரியும் பாப்பா" என்றாள். "அவுரு அந்தப் பசங்களுக்குக் கண்ணக் காட்டுனத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"தெரிஞ்சா ஏன் போன?"

"அவுரு சும்மா நடிச்சாரு. ஆனா அவனுங்க கை நெசமாத்தானே அவ மேல பட்டுச்சி."

புதுச்சத்திரம் தாண்டியதும் முன்சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடும் பையோடும் தடுமாறிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டிக்கெட் எடுக்கக் கை வேண்டியிருந்ததால், பின்னால் திரும்பி, குழந்தையை அத்தையிடம் நீட்டி, "கொஞ்சம் புடிங்கம்மா" என்றாள்.

அத்தை கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் பொணத்தத் தொட்டுட்டு வரேம்மா. அவகிட்ட குடு" என்று என்னைக் காட்டினாள்.